மாலைப் பூவும் மாணவன் கண்ணும்

சில காலத்திற்கு முன், கிராமத்துப் பாடசாலையொன்றின் கீழ்வகுப்பில் நாம் கண்ட சிறு நிகழ்ச்சி இன்றும் நம் மனத்தை உறுத்திக்கொண்டேயிருக்கின்றது. பூவரசம் பூவை வரைவது அன்றைய சித்திரப் பாடம். எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் வர்ணம் தீட்டினர். ஒரு சிறுவன் மட்டும் செந்நிறம் தீட்டினான். ஆசிரியர் அதன் குறுக்கே கோடிட்டு, "பூவரசம் பூ மஞ்சள்" என்றெழுதித் திருப்பிக் கொடுத்தார். சிறுவன் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை அவனும் மஞ்சளே தீட்டினான்.

பிழை செய்தவர் யார்? பூவரசம் பூ காலையில் இளமஞ்சளாக மலர்கின்றது. உள்ளே அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. பொழுது சாயச் சாய அந்த மஞ்சள் மாறி, செம்மையும் ஊதாவும் கலந்த நிறத்தோடு பூ வாடுகின்றது. பாடசாலை விட்டு வேலியோரமாக வீடு திரும்பும் பிள்ளை காண்பது இந்த மாலைப் பூவைத்தான். அவன் கண்டதை வரைந்தான். ஏனையோர் கேட்டதை வரைந்தனர். கேட்டதற்குப் புள்ளி கிடைத்தது. கண்டதற்குக் கோடு விழுந்தது.

இங்கே எழுவது சித்திரப் பாடத்தின் எல்லையைக் கடந்த வினாவாகும். உண்மைக்கு உரைகல் எது? பொருளா, அன்றிப் பொருளைப் பற்றிப் பெரியோர் உரைக்கும் சொல்லா?

பிரெஞ்சு மொழியில் எழுதிய சிந்தனையாளர் ரூசோ, 1771ஆம் ஆண்டு தொடங்கி, தம் நண்பரான ஒரு தாய்க்குத் தாவரவியல் பற்றிச் சில கடிதங்கள் எழுதினார். அத்தாயின் சிறு மகளுக்குப் பூக்களை அறிமுகஞ் செய்யும் வழியை அவை கூறுகின்றன. பெயர்களை மனனஞ் செய்விப்பதற்கு முன் பார்க்கப் பழக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். லில்லி மலரில் தொடங்கும் அவர், பின்னர் பட்டாணிப் பூவை இதழிதழாகப் பிரித்துக் காட்டுகின்றார்.

அக்குழந்தை வசதி படைத்த குடும்பத்தில் பிறந்தவள். ஆயினும் அந்தப் பாடத்திற்குச் செல்வம் தேவையில்லை. நம் வளவுகளில் நிற்கும் அகத்தியும் பட்டாணியின் இனமே. உதிர்ந்த ஓர் அகத்திப் பூவைப் பிள்ளையின் கையிற் கொடுப்போம். மேலே விரிந்த பேரிதழ் ஒன்று, பக்கங்களிற் சிறகுகள்போல் இரண்டு, அடியில் ஒட்டித் தோணிபோல் அமைந்த இரண்டு. தோணிக்குள்ளே பத்து மகரந்தக் கேசரங்கள். ஒன்பது கூடியும் ஒன்று தனித்தும் நிற்கும். வர்ணப் பென்சில் வாங்க இயலாத வீட்டிலும் அடுப்புக்கரியும் மஞ்சளும் இலைச்சாறும் உண்டு. வரையத் தொடங்கிய பிள்ளை, எத்தனை இதழ், எது எதனோடு ஒட்டியிருக்கின்றது என ஒவ்வொன்றாக வினவியே தீரும். இயற்கைப் பாடமும் சித்திரப் பாடமும் ஒன்றாகும் இடம் இதுவே.

"பிள்ளை கண்டதெல்லாம் உண்மையாகிவிடுமா? திருத்துவது ஆசிரியர் கடமையன்றோ?" எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. பிள்ளையின் கண்ணும் தவறக் கூடும். நான்கு இதழ் வரைந்த பிள்ளைக்கு ஐந்தைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அத்திருத்தம் பூவிலிருந்தே வர வேண்டும். அந்த ஆசிரியர் வகுப்பை ஒரு நாள் காலையிலும் மாலையிலும் மரத்தடிக்கு அழைத்துச் சென்றிருப்பாராயின், மஞ்சள் தீட்டியவர்களும் சிவப்புத் தீட்டியவனும் ஒருங்கே கற்றிருப்பர்; ஆசிரியருங்கூடக் கற்றிருப்பார். அதனால் அவர் மதிப்புக் குறைந்திராது. ஐம்பது பிள்ளைகளும் முடிக்க வேண்டிய பாடத்திட்டமும் அவரை அழுத்துவதை நாம் அறியாதவரல்லர். எனினும் முற்றத்து மரத்தடிக்குச் செல்லச் சில நிமிடங்களே வேண்டும்.

அன்று சிறுவன் இழந்தது சில புள்ளிகளை மட்டுமன்று. தன் கண்ணைத் தானே நம்பும் உரிமையையும் இழந்தான். அவன் நாளை வளர்ந்து, தன் உழைப்பின் விளைவைப் பிறர் தராசில் வைப்பான். முள் ஒரு பக்கம் சாய்வதைக் கண்ணாற் காண்பான். "நிறை சரி" என்று தராசுக்காரர் சொல்வார். அவ்வேளையில் அவன் எதனை நம்புவான்?

பூவரசு இன்றும் வேலியில் மாலைதோறும் நிறம் மாறிக்கொண்டிருக்கின்றது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோம். அவர்கள் கண்டதைச் சொல்லும்போது, குறுக்கே கோடிடுமுன் நாமும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்போம்.