ரமணரைப் பார்க்காமல் திரும்பிய யுங்



ஆறுபடை வீடும் ஆறு சக்கரங்களும் ஒண்ணுன்னு சொல்ற ஃபார்வர்ட் உங்க எல்லாருக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். திருப்பரங்குன்றம் மூலாதாரம்னு ஆரம்பிச்சு வரிசையா வரும். அதே ஆறு சக்கரங்களைப் பத்தி 1932 அக்டோபர்ல சுவிட்சர்லாந்துல, சூரிக் நகரத்துல ஒரு கருத்தரங்கு நடந்திருக்கு. பேசினவங்க ரெண்டு பேர். ஒருத்தர் ஹாவர்ங்கிற ஜெர்மன் சமஸ்கிருத அறிஞர். இன்னொருத்தர் ஆழ்மன உளவியலின் பெரிய பெயர்களில் ஒருவரான கார்ல் குஸ்தாவ் யுங். கேட்க வந்தவங்க சாமியார்கள் கிடையாது. மனநல மருத்துவர்கள், அவங்ககிட்ட சிகிச்சை எடுத்தவங்க, தெரிஞ்சுக்கணும்னு ஆர்வம் இருந்த படிச்ச மனுஷங்க.

யுங் மூலாதாரத்துக்குச் சொன்ன விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அது எங்கேயோ முதுகெலும்புக்கு அடியில் இருக்கிற மர்மம் இல்லையாம். நாம தினமும் வாழுற இந்த உலகம்தான் மூலாதாரம். வேலை, குடும்பம், கடமை எல்லாம் அங்கேதான். அங்கே தெய்வங்கள் தூங்கிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். காலைல பொத்தேரி ஸ்டேஷன்ல செங்கல்பட்டு லோக்கலுக்கு நிக்கும்போது இதை நினைச்சா சரியாத்தான் இருக்கு.

மறு வருஷம், 1933-ல், அதே நாட்டில் அஸ்கோனாங்கிற ஊர்ல ஏரிக்கரையில் எரானோஸ் மாநாடுகள் தொடங்கின. முதல் வருஷத் தலைப்பே கிழக்கிலும் மேற்கிலும் யோகமும் தியானமும். யுங்கும் பேசினார், அவரோட நண்பர் ஹைன்ரிக் சிம்மரும் பேசினார். இன்னைக்கு வார இறுதியில் "உள்மனப் பயணம்"னு போஸ்டர் போட்டுக் கூட்டிட்டுப் போறாங்களே, அதோட பெரியப்பா இதுன்னு வச்சுக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். 1937 டிசம்பர்ல யுங் இந்தியாவுக்கே வந்தார். கல்கத்தாவில் நடக்க இருந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழாவுக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் அழைச்சிருந்தது. அலகாபாத், காசி, கல்கத்தா பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் கொடுத்தன. கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்புறம் தெற்கே வந்தார், திருவனந்தபுரத்துல உரை நிகழ்த்தினார், இலங்கைக்குப் போனார், ஊர் திரும்பினார். அப்போ ரமண மகரிஷி திருவண்ணாமலையில் இருந்தார். யுங் போகலை.

திருவண்ணாமலைன்னா நமக்கு அருணகிரிநாதர். ராஜகோபுரம் தாண்டினதும் கம்பத்து இளையனார் சந்நிதி, முருகன் தூணில் காட்சி கொடுத்த இடம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கம். 1896-ல் மதுரையிலிருந்து வந்த 16 வயசுப் பையன் வெங்கடராமன் உடம்பை மறந்து உட்கார்ந்தது அங்கேதான். அதுக்கப்புறம் அவர் அந்த ஊரை விட்டு வெளியே போகவே இல்லை.

வேடிக்கை என்னன்னா, இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராத சிம்மர் ரமணரைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். அவர் 1943-ல் இறந்துபோக, 1944-ல் அந்தப் புத்தகத்தை முன்னுரை எழுதி வெளியிட்டது யாரு? யுங்!

ஏன் போகலைன்னு அவர் ரெண்டு காரணம் சொல்லியிருக்கார். முன்னுரையில் சொன்னது: ரமணர் மாதிரி மனுஷர் இந்தியாவில் எப்பவும் இருந்திருக்கார், எப்பவும் இருப்பார், அந்த வகையை நான் எங்கும் பார்த்துட்டேன், தனியாத் தேடிப் போக அவசியமில்லை. போயிருக்கலாமோங்கிற உறுத்தலும் அதே முன்னுரையில் தெரியுது. ரெண்டாவது காரணம் கடைசிக் காலத்துல சொன்ன நினைவுகளில் வருது. மகான்களிடம் போய் அவங்க கண்ட உண்மையை வாங்கி என்னுதுன்னு வச்சுக்கிட்டா அது திருட்டு மாதிரி இருக்கும், எனக்குக் கிடைச்சதை வச்சுத்தான் நான் வாழணும்னு.

முதல் காரணத்தை நான் ஏத்துக்கல. ஒரு மனுஷரை "வகை"ன்னு சொல்லிட்டா அவரைப் பார்க்கவே வேண்டாம்னு ஆயிடும். பழநியைப் பார்த்தாச்சு, அதனால திருத்தணி வேண்டாம்னு நம்மில் யாராவது சொல்வோமா? ரெண்டாவது காரணம்தான் என்னை யோசிக்க வச்சது. பௌர்ணமி சாயங்காலம் கிளாம்பாக்கத்துல கிளம்பின திருவண்ணாமலை பஸ்கள் எங்க ஊர் ஜிஎஸ்டி ரோட்டில் ஒண்ணு பின்னால ஒண்ணா போகும். அதுல இருக்கிற நாம எதை எடுத்துட்டு வரப் போறோம்?

எங்க டீம்ல ஒரு தங்கச்சி. போன வருஷம் அவ அப்பா தவறிட்டார். கனவுகளைப் புரிஞ்சுக்க ஒரு நாள் வகுப்பு, மறுநாள் கிரிவலம், இப்படி ஒரு பயணத்துக்குப் பணம் கட்டலாமான்னு யோசிச்சிட்டிருந்தா. பரனூர் ஸ்டேஷன்ல கேட்டா: "அண்ணா, அப்பாவுக்காகப் போறேனா, சும்மா வேடிக்கை பார்க்கப் போறேனான்னு எனக்கே தெரியல. இப்படிப் போறது தப்பா?"

தப்பில்லைம்மான்னு சொன்னேன். ஆர்வத்துல கிளம்பின கால்தான் முக்காவாசி பேரைக் கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுது. நம்ம முருகனே மாம்பழத்துக்காக உலகம் சுத்தினவர்தானே. பிள்ளையார் சுத்தாமலே ஜெயிச்சார், சரி, ஆனா உலகத்தைப் பார்த்தது யாரு?

திருட்டுங்கிற வாதத்துக்கு என் பதில் சுவாமிமலை. அங்கே சிவபெருமானே பிள்ளையிடம் காது கொடுத்துக் கேட்கிறார். அடுத்தவரிடம் வாங்கினால் திருட்டுன்னா அந்தக் கோயிலுக்கே அர்த்தம் இல்லை. தகப்பன் அங்கே சிஷ்யனா இறங்கி உட்கார்ந்தார். கேட்டதை நாலு பேர்கிட்ட தன் சரக்காச் சொல்லிக் காட்டத்தான் போறோம்னா அது திருட்டு. அடக்கி உட்கார்ந்து கேட்டு, அதை ஜீரணிக்க வருஷக்கணக்கில் சிரமப்படத் தயார்னா எப்படித் திருட்டாகும்? தன்னால் அப்படி உட்கார முடியாதுன்னு யுங்குக்குத் தெரிஞ்சிருந்தா, அவர் போகாததுதான் நேர்மை. அதே 1938-ல் எழுத்தாளர் சாமர்செட் மாம் ஆசிரமத்துக்குப் போனார், அங்கே மயங்கி விழுந்தார். அதை ஞான அனுபவம்னு சிலர் பரப்ப, எனக்கு முன்னாடியும் மயக்கம் வந்திருக்குன்னு அவரே சொல்லிட்டார். அந்த நேர்மையும் எனக்குப் பிடிச்சிருக்கு.

யுங் முன்னுரையில் இன்னொருத்தர் வர்றார். திருவனந்தபுரத்துல அவர் சந்திச்ச ரமணரின் சீடர், சாதாரணப் பள்ளி ஆசிரியர், வீடு நிறையப் பிள்ளைகள். குருவின் ஞானத்தை உள்ளே வாங்கிக்கிட்டு, கூடவே சம்சாரத்தையும் முழுசாச் சுமந்தவர். ஒரு விதத்தில் அவர் குருவையே தாண்டிட்டார்னு யுங் எழுதுறார். அந்த ஒப்பீடு நமக்கு வேண்டாம். ஆனா மலைக்குப் போகாத யுங்கிட்ட, மலையில் கேட்டதைத் தன் வீட்டுக்குள்ள வாழ்ந்துகிட்டிருந்த ஒருத்தர் வந்து சேர்ந்திருக்கார் பாருங்க.

ரமணர் 1950 ஏப்ரல் வரைக்கும் அதே இடத்துலதான் இருந்தார், யார் வேணும்னாலும் உள்ளே போகலாம். யுங் 1961 வரை வாழ்ந்தார். மறுபடி இந்தியா வரலை.