சாந்தோம் முதல் பரங்கிமலை வரை: வழியைப் புனிதமாக்குவது எது?

சாந்தோம் பேராலயத்திலிருந்து பரங்கிமலை உச்சிக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர். லஸ், ஆழ்வார்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, சின்னமலை, கிண்டி, கத்திப்பாரா என்று இன்று மண்ணில் கால் படாமலே போய்ச் சேரலாம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இது கிராமங்களின் ஊடே போன வழி. போர்த்துக்கீசியர் 1516ஆம் ஆண்டைச் சொல்லும் கல்வெட்டுடன் விட்டுச்சென்ற லஸ் பிரகாச மாதா ஆலயத்துக்கு ஊரார் வைத்த பெயர் காட்டுக்கோயில். தியாகராய நகர் இருக்கும் இடத்தின் பெரும்பகுதி 1920கள் வரை ஏரி. அந்தக் காட்டையும் ஏரிக்கரையையும் அடையாற்றையும் கடந்து மக்கள் நடந்தது ஒரே மனிதரின் பெயரைச் சொல்லி: இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான புனித தோமையார்.

மரபு சொல்லும் கதை தெளிவானது. அவர் கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கினார்; பின்னர் மயிலைப் பக்கம் வந்தார்; சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார்; 72இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார்; கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை, குகை, மலை ஆகிய மூன்றையும் இணைக்கும் கோடுதான் இந்த வழி.

வரலாறு இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. தோமையாரின் இந்தியப் பயணத்தைச் சொல்லும் மிகப் பழைய நூலான ‘தோமாவின் பணிகள்’ மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்தது. அதில் வரும் கொண்டோபரஸ் என்ற அரசனைக் கற்பனைப் பாத்திரம் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. அரசன் உண்மை. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கு இந்தியா. மயிலைக்கும் அவனுக்கும் தொடர்பில்லை. சீடரின் எலும்புகள் மேற்கே கொண்டுபோகப்பட்டதாகவும் அதே நூல் சொல்கிறது. எடெசா நகரம் அவற்றைப் பல நூற்றாண்டுகள் போற்றி வைத்திருந்தது. 1258 முதல் அவை தங்களிடம் இருப்பதாக இத்தாலியின் ஓர்த்தோனா நகரம் சொல்கிறது.

அப்படியானால் சாந்தோமில் மண்டியிடுபவர் எதன் முன் மண்டியிடுகிறார்? சான்று உறுதிப்படாத இடத்தை நோக்கி நடப்பது பக்தியா, பழக்கமா? இந்தக் கேள்வியை அவநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. உயிர்த்தெழுந்தவரின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்னவரே இந்தத் தோமையார்தான். யோவான் நற்செய்தியில் அவர் கேட்ட சான்று அவருக்கு மறுக்கப்படவில்லை. ஒரு மென்மையான கண்டிப்போடு கொடுக்கப்பட்டது.

ஒன்று மட்டும் உறுதி: இந்தப் புனிதம் போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவந்தது அன்று. அவர்கள் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இங்கே யாத்திரை வருவதைக் குறிப்பிடுகிறார். அந்த இடத்து மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுத்தார்களாம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பார்போசா, கல்லறையில் விளக்கெரியப் பிச்சையெடுத்துக் காவலிருந்த ஒரு முஸ்லிமைப் பதிவு செய்கிறார். 1547இல் பரங்கிமலையில் வெளிப்பட்ட கற்சிலுவையில் இருப்பது பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து. எலும்பு எங்கே இருந்தாலும் விளக்கு இங்கே எரிந்துகொண்டிருந்தது.

போகும் இடம் பெரிதா, போகிற போக்கு பெரிதா என்பதைத் தமிழ்ப் பக்தி மரபு என்றோ யோசித்துவிட்டது. பெரியபுராணத்தில் அப்பர் கயிலைக்குப் புறப்படுகிறார். கால் தேய்ந்தபின் கையால் தவழ்கிறார், மார்பால் ஊர்கிறார், உடம்பால் உருள்கிறார். கயிலையை அவர் எட்டவே இல்லை. ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லப்பட்டுத் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் காண்கிறார். போய்ச் சேராத பயணம் வீணாகவில்லை என்று சேக்கிழார் காட்டும் இந்த இடம் தோமையார் கேள்விக்கும் பொருந்தும். தேய்ந்த காலுக்குத்தான் காட்சி கிடைத்தது. முகவரி சரியாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஆகஸ்ட் 29 அன்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்து வெறுங்காலோடு நகரின் பல மூலைகளிலிருந்தும் நடந்து வருகிறவர்கள், பழனிக்கு நடப்பவர்களின் அதே பாதயாத்திரை மரபில்தான் நடக்கிறார்கள்.

இந்த வழிக்கு ஒரு கைங்கரியக்காரரும் உண்டு. கோஜா பெத்ரூஸ் உஸ்கான், மணிலா வணிகத்தில் பொருளீட்டிச் சென்னைக்கு வந்த ஆர்மீனியர். மலைக்குப் போகிறவர்கள் அடையாற்றில் படும் பாட்டைப் பார்த்து, 1726இல் சைதாப்பேட்டையில் தன் செலவில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அமைத்தார். இரண்டையும் பராமரிக்கப் பணமும் ஒதுக்கி வைத்தார். அந்தப் பாலத்தின் இடத்தில் 1966இல் மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது. படிகளில் தவக்காலத்தில் இன்றும் சிலுவைப்பாதைக்காரர்கள் ஏறுகிறார்கள். உஸ்கான் எந்தச் சான்றுக்கும் காத்திருக்கவில்லை. நடப்பவர்களின் கால் ஈரமாவதைக் கண்டதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவர் பாலத்தில் யாத்திரிகரும் நடந்தார்கள், சந்தைக்குப் போகிறவர்களும் நடந்தார்கள், எந்தச் சாமியையும் கும்பிடாதவர்களும் நடந்தார்கள். இந்த வழியிலேயே மிகப் புனிதமான செயல் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் நடையே வழியைப் புனிதமாக்கும் என்று சொல்லி முடித்துவிட்டால் ஒரு பெரிய உண்மை விடுபட்டுப்போகும். மயிலைக் கபாலீசுவரர் கோயில் முன்பு கடற்கரையில் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது, இப்போதுள்ள கோயில் பின்னர் எழுந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. சாந்தோம் ஆலயப் பகுதியில் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகம் பாடிய மயிலை எது என்று தேடுகிறவரின் காலும் இதே கடற்கரையில்தான் வந்து நிற்கும். ஒருவருடைய புனித வழி இன்னொருவருடைய இடிந்த சுவரின்மேல் போகிறதென்றால், நடப்பவர் அதைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும். சான்று இல்லாமல் நம்பலாம். அது அவரவர் உரிமை. இருக்கும் சான்றை மறைத்து நம்புவது நம்பிக்கைக்கே இழுக்கு. இது இரு தரப்புக்கும் பொருந்தும்: எலும்பு இங்கே இல்லையென்றால் தோமையார் வழிபாடே பொய் என்பவர்கள் மார்க்கோ போலோ கண்ட யாத்திரிகர்களை மறைக்கிறார்கள், இங்கே முன்பு ஒன்றுமே இருந்ததில்லை என்பவர்கள் கல்வெட்டை மறைக்கிறார்கள்.

2016 முதல் சின்னமலைக்கு மெட்ரோ வந்துவிட்டது. முடியாதவர்கள் அதில் போகட்டும். முதியவரின் நேர்த்திக்கடனை ரயில் குறைத்துவிடாது. கால் உள்ளவர்கள் ஒருமுறையாவது முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். தோமையார் திருநாளான ஜூலை 3க்கோ, மலைச் சிலுவையில் 1558இல் குருதி வியர்த்ததாக நம்பப்படும் டிசம்பர் 18க்கோ நடக்கலாம். டிசம்பர் என்றால் வெயிலும் குறைவு. புறப்படும் முன் சாந்தோம் கல்லறையையும், அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கபாலீசுவரரையும் ஒரே காலையில் பார்த்துவிடுங்கள். சைதாப்பேட்டைப் பாலம் வந்ததும் அவசரமாகக் கடந்துவிடாமல், உஸ்கான் வைத்த கல்வெட்டைத் தேடிப் பார்த்துவிட்டு மலைக்குப் போங்கள்.