எளிமையும் கொள்கையும்: கணினித் தேர்வில் ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தமிழாய்வாளர் எழுதுவதும் சேமிப்பதும் பகிர்வதும் இன்று பெரும்பாலும் கணினி வழியாகவே நிகழ்கின்றன. எவ்வியங்குதளத்தைப் பயன்படுத்துவது, எவ்விணையத்தளத்தில் ஆய்வை வெளியிடுவது என்னும் தேர்வுகள் வசதி ஒன்றையே கருதிச் செய்யப்படுவதுண்டு. இத்தேர்வுகளில் அடங்கியுள்ள அறவியல் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

எளிமையின் நியாயம்

எளிமையை நாடுவது குற்றமன்று. கணினியுடன் வந்த விண்டோசிலேயே பணியாற்றும் ஆய்வாளரை ஒழுக்கம் குன்றியவர் எனல் பொருந்தாது. அச்சகமும் பல்கலைக்கழக அலுவலகமும் கேட்கும் வடிவில் கோப்பை அளிப்பதும் கடமையே. பயன்படுத்தல், ஆராய்தல், திருத்தல், பகிர்தல் ஆகிய நான்கு உரிமைகளைக் கட்டற்ற மென்பொருள் இயக்கம் வலியுறுத்துகிறது. இவை மென்பொருள் எழுதுவோர்க்கே உரியன எனத் தமிழாய்வாளர் கருதுதல் இயல்பு. ஆயினும் பகிர்தல் தமிழ்ப் புலமை மரபுக்குப் புதிதன்று.

சுவடியும் கோப்பும்

செல்லரித்தும் ஒடிந்தும் அழியும் ஓலைச்சுவடிகளைத் தலைமுறைதோறும் படியெடுத்தமையாலேயே சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. சுவடியைப் பெறுதற்கு உடையவர் இசைவு வேண்டும் என்பதை உ.வே.சாமிநாதையரின் தேடல் உணர்த்தும். பெற்றபின் படிக்கவும் படியெடுக்கவும் புலமையும் உழைப்புமே தேவைப்பட்டன.

கணினிக் கோப்பின் நிலை வேறு. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல தத்தமக்கெனத் தனிக் குறியேற்றம் கொண்டிருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் பொருளற்ற குறிகளாகவே தோன்றியது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களோ இன்றும் பயன்படுகின்றன. திஸ்கி குறியேற்றத்தின் அட்டவணை வெளிப்படையாக இருந்தமையால், அதில் அமைந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற இயன்றது.

இணையத்தளங்களிலும் இதே சிக்கல் உண்டு. ஆர்க்குட் 2014இலும் கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டன. கட்டணமின்றிப் பெற்ற இடத்தில் எழுதியோர்க்கு, அவ்விடம் எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதை முடிவுசெய்யும் உரிமை இல்லை.

கொள்கையின் இயலுமை

கொள்கைவழி நடத்தல் நடைமுறைக்கு ஒவ்வாது என்பர். கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் இதற்கு மறுமொழியாகும். அங்கு அரசுப் பள்ளிகள் லினக்ஸ் வழிவந்த கட்டற்ற இயங்குதளத்திற்கு மாறின. ஆசிரியர் பயிற்சியும் பாடநூலும் அதற்கேற்ப அமைக்கப்பட்டன. கொள்கையைத் தனிமனித உறுதிக்கு மட்டும் விடாமல் நிறுவனமே துணைநிற்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

தன் வசதிக்காக ஒருவர் தாமே ஏற்கும் இழப்பு அவர்தம் விருப்பத்தைச் சார்ந்தது. அவ்விழப்பைப் பிறர்மேல் சுமத்துவது அறமன்று. விலைமிக்க மென்பொருள் ஒன்றிலேயே ஆய்வேட்டை அளிக்குமாறு நெறியாளர் பணித்தால், வாங்க இயலாத மாணவர் உரிமம் பெறாத படியை நாட நேரிடும். திறக்கவியலாத கோப்பை விட்டுச்செல்பவர் பின்வரும் ஆய்வாளரின் உழைப்பை இரட்டிப்பாக்குகிறார்.

ஆகவே, எக்கருவியில் எழுதுவது என்பதை ஆய்வாளரின் விருப்பத்திற்கு விடலாம். ஆய்வேடு, பதிப்பு, சொற்றொகுதி ஆகியவற்றை ஒருங்குறியிலும் வெளிப்படையான கோப்பு வடிவிலும் அமைத்தல் வேண்டும். இணையத்தில் இட்டவற்றின் படியொன்று துறை நூலகத்திலும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் தமிழ்த்துறைகள் தம் விதிகளாகவே ஏற்பது தக்கது.