கிழிந்தது உறை; தண்டனை யாருக்கு?

ஆணுறை கிழிந்துவிடுகிறது. அது விபத்து, விதியுமன்று, வினைப்பயனுமன்று. தவறின்றிப் பயன்படுத்தினாலும் ஓராண்டில் நூற்றுக்கு 2 பெண்கள் கருவுறுவர். நடைமுறையில் 13 பேர் என்கிறது மருத்துவம். விபத்து இருவருக்கும் பொது. விளைவு மட்டும் பெண்ணுக்கே உரியதா?

72 மணி நேரத்துக்குள் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை உண்டால் பெரும்பாலும் கருத்தரிக்காது. அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுமேயன்றி, உருவான கருவைக் கலைக்காது. மருத்துவர் சீட்டின்றி அதை விற்கலாமென நடுவணரசு 2005இல் இசைந்தது. தமிழ்நாட்டுக் கடைகளிலோ அதைக் காண்பது பல்லாண்டாக அரிது!

திருவரங்கத்துப் பெண்ணொருத்தி, தெரிந்தவர் கண்ணுக்கு அஞ்சிக் காவிரிப் பாலம் கடந்து மலைக்கோட்டைக் கடைவீதிக்கு வருகிறாள் என்று கொள்வோம். அங்கும் ‘இல்லை’ என்ற சொல்லும் ஏளனப் பார்வையுமே கிடைத்தால் எங்கே போவாள்? 5 நாளுக்குள் மருத்துவமனையில் காப்பர்-டி பொருத்தலாம் என்று அவளுக்குச் சொன்னவர் யார்?

கர்ப்பத்தடையை நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் பலர் வேண்டிய 1930களிலேயே, பெண்ணின் விடுதலைக்காக வேண்டியவர் பெரியார். 1971ஆம் ஆண்டுச் சட்டம், கருத்தடை தவறினால் கருக்கலைப்புச் செய்துகொள்ளும் வாய்ப்பை மணமான பெண்ணுக்கே தந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 20 வாரம் வரை மணமாகாதவளுக்கும் அதை வழங்கிற்று. சட்டம் திருந்திற்று, நம் கண்கள் திருந்தினவா?

‘அஞ்சினால்தான் ஒழுக்கம் நிற்கும்’ என்பர் சிலர். ஒருத்திக்கு மட்டும் அச்சம், ஒருவனுக்கு உறக்கம் என்றால், அது ஒழுக்கமா, ஓரவஞ்சனையா?

தோழர்களே! இன்பத்தில் உடனிருந்தவன் இடரிலும் உடன் நடக்கட்டும். மருந்துக் கடை வாசலில் அவனும் நிற்கட்டும். முடிவை மட்டும் அவள் எடுக்கட்டும், உடல் அவளுடையது.