பித்த அமில மருந்தும் கொல்லாமையும்

பித்தநீரில் இயல்பாகவே இருக்கும் அமிலங்களில் ஒன்று உர்சோடியாக்சிகோலிக் அமிலம். பித்தப்பைக் கல்லைக் கரைக்கவும் சில கல்லீரல் நோய்கள் முற்றுவதைத் தள்ளிப்போடவும் உலகெங்கும் மாத்திரையாகத் தரப்படுவது இது. மனிதப் பித்தத்தில் இது மிகச் சிறிய அளவே உண்டு. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் வேறொரு பித்த அமிலத்தை மாற்றி இதை உண்டாக்குகின்றன. கரடிகளின் பித்தத்திலோ இது கணிசமாக இருக்கிறது. மருந்தின் வரலாறு கரடியில் தொடங்குவதற்கு அதுவே காரணம். அறக்கேள்வியும் அங்கிருந்துதான் எழுகிறது. இன்னோர் உயிரின் உடலிலிருந்து, சில இடங்களில் அந்த உயிரை வதைத்தே எடுத்த ஒன்றால் ஒருவர் தம் நோயைத் தீர்த்துக்கொள்வது தகுமா?

சீனாவில் தாங் பேரரசு 659-ல் வெளியிட்ட மருந்துநூலிலேயே கரடிப்பித்தம் இடம்பெற்றுவிட்டது. ஜப்பானிய மலை வேட்டைக்காரர்கள் கரடியின் பித்தப்பையை உலர்த்தி வயிற்றுநோய்க்கு விற்றார்கள். 1902-ல் சுவீடனின் ஊலோஃப் ஹம்மர்ஸ்டென் துருவக்கரடியின் பித்தத்தில் அதுவரை அறியப்படாத ஓர் அமிலத்தைக் கண்டார். 1927-ல் ஜப்பானின் ஒக்காயாமாவில் மசாட்டோ ஷோடா அதைக் கரடிப்பித்தத்திலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். 1950-களில் ஜப்பானிய வேதியியலாளர்கள் அதை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தனர். 1957-ல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. 1975-ல் அங்குள்ள மருத்துவர்கள் அது பித்தப்பைக் கற்களைக் கரைப்பதாக அறிவித்தனர். 1987-ல் பிரான்சின் ரவூல் பூப்போன் குழுவினர், பித்தநாளங்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழிக்கும் பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ் என்ற நோயில் அது பயன் தருவதாக எழுதினர்.

இந்த ஆண்டுகளின் வரிசை அறக்கேள்விக்கு மிக முக்கியம். கரடி இல்லாமல் இம்மருந்தைச் செய்ய 1950-களிலேயே வழி பிறந்துவிட்டது. கரடிகளைக் கூண்டில் அடைத்துப் பித்தம் கறக்கும் பண்ணைகளோ அதற்குப் பின், 1980-களின் தொடக்கத்தில் வடகொரியாவில் தோன்றி, சீனா, தென்கொரியா, வியட்நாம் என்று பரவின. அதாவது தேவை தீர்ந்த பிறகே வதை தொழிலாயிற்று. காட்டுக்கரடியைக் கொல்வதற்குப் பதில் கூண்டுக்கரடியை வைத்துக்கொள்வது இயற்கையைக் காக்கும் என்று அப்போது சொல்லப்பட்டது. ஆனால் ஆசியக் கருங்கரடியைக் காட்டில் பிடிப்பதும் நிற்கவில்லை. அதன் பன்னாட்டு வணிகத்தை சைட்டீஸ் ஒப்பந்தம் தடைசெய்திருந்தும் கடத்தல் தொடர்ந்தது.

பண்ணையில் நடப்பதை நேராகச் சொல்ல வேண்டும். கரடி எழுந்து நிற்கவோ திரும்பவோ முடியாத அளவுக் கம்பிக்கூண்டு. அதன் வயிற்றில் பித்தப்பை வரைக்கும் ஒரு துளை. அது மூடிக்கொள்ளாதபடி அடிக்கடி குத்தித் திறப்பார்கள், அல்லது குழாய் செருகி வைப்பார்கள். பித்தம் சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள தட்டில் இறங்கும். கம்பியைக் கடித்துக் கடித்துப் பற்கள் உடைந்துபோகும். 1998-ல் தொடங்கப்பட்ட அனிமல்ஸ் ஏஷியா அமைப்பு மீட்ட கரடிகளைச் சோதித்த கால்நடை மருத்துவர்கள், தடித்துச் சீழ்பிடித்த பித்தப்பைகளையும் அவற்றுக்குள் கற்களையும் கண்டார்கள். சில கரடிகளுக்குக் கல்லீரலில் புற்றுநோயும் இருந்தது. கல்லைக் கரைக்கும் பொருளுக்காக வளர்க்கப்படும் விலங்குக்கே கல் உண்டாகிறது. வியட்நாம் பித்தம் எடுப்பதைச் சட்டவிரோதமாக்கியது. தென்கொரியாவில் 2026 ஜனவரி முதல் அதற்குத் தடை. சீனாவில் இன்றும் அது சட்டப்படியான தொழில். 2020 மார்ச்சில் கடுமையான கொரோனா நோய்க்கு அரசின் சிகிச்சைக் குறிப்பிலேயே கரடிப்பித்தத் தூள் சேர்ந்த ஓர் ஊசிமருந்து பரிந்துரைக்கப்பட்டது.

விலங்கின் உடலை மருந்தாகக் கொள்வது சமயங்களுக்குப் புதிதல்ல. சரக சம்ஹிதை உயிரினங்களிலிருந்து கிடைக்கும் மருந்துப்பொருள்களை அடுக்கும்போது தேன், பால், கொழுப்பு, இறைச்சியோடு பித்தத்தையும் சொல்கிறது. புலால் தொடாத பல தமிழ் வீடுகளில்கூட குழந்தைக்குக் கோரோசனை மாத்திரையை உரைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பையில் விளையும் கல். பௌத்தத் துறவிகளுக்கான விநயப் பிடகத்தின் மகாவக்கம், நோயுற்ற துறவிக்கு மருந்தாக அனுமதித்த கொழுப்புகளின் பட்டியலில் கரடிக்கொழுப்பையும் வைக்கிறது. இந்த மரபுகளில் நோயாளிக்கு ஒரு விலக்கு கிடைத்திருக்கிறது. அந்த விலக்கு எதன்மேல் நிற்கிறது என்பதில்தான் கருத்து பிரிகிறது.

பௌத்த விநயம் ஊனைப் பற்றி மூன்று நிபந்தனைகள் வைக்கிறது: தனக்காகக் கொல்லப்பட்டதைத் துறவி கண்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அப்படி ஐயுறவும் கூடாது. இவற்றுக்கு உட்பட்ட உணவை ஏற்பவரிடம் கொலைப்பழி இல்லை. செயலின் பொறுப்பை எண்ணத்தில் வைக்கும் பார்வை இது. இதற்கு மறுப்புத் தமிழிலேயே வலுவாக எழுந்தது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இருக்கமாட்டார் என்று வாங்குவோரையும் கொலையின் காரணத்துக்குள் கொண்டுவருகிறது. சமண நூலான நீலகேசியும் பௌத்தர்களோடு நடத்தும் வாதங்களில் ஊனுண்ணலை எடுத்துக்கொள்கிறது. ஒருவருக்கு அந்த விலங்கைத் தெரியாது, கொன்றவரையும் தெரியாது. ஆனாலும் அவர் தரும் விலைதான் அடுத்த விலங்கைக் கூண்டுக்குள் கொண்டுவருகிறது. சந்தை வழியாகவே மருந்து வந்து சேரும் இக்காலத்துக்கு இந்த வாதமே கூடுதலாகப் பொருந்துகிறது. எண்ணத்தை மட்டும் பார்த்தால் கடைக்காரரிடமிருந்து தூள் வாங்கும் எவரும் குற்றமற்றவராகிவிடுவார். கரடியின் கூண்டுக்குக் காரணமென்று ஒருவரையும் காட்ட முடியாமல் போகும்.

இஸ்லாமியச் சட்டம் வேறொரு வாயிலைத் திறக்கிறது. ஒரு பொருள் தன் தன்மையே மாறி வேறொன்றாகிவிட்டால் பழைய பொருளுக்குரிய தீர்ப்பு அதற்குப் பொருந்தாது என்பது இஸ்திஹாலா எனப்படும் கோட்பாடு. கள் தானாகவே காடியானால் அதை உண்ணலாம் என்பதில் எல்லாச் சட்டப்பள்ளிகளும் (மத்ஹபுகளும்) உடன்படுகின்றன. மற்றப் பொருள்களில் ஹனஃபி அறிஞர்கள் தாராளமாகவும் ஷாஃபி அறிஞர்கள் இறுக்கமாகவும் நிற்கிறார்கள். 1995-ல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவச் சட்டக் கருத்தரங்கு, மருந்துகளில் கலந்த விலக்கப்பட்ட பொருள்களைப் பற்றி ஆராய்ந்தபோது இந்த மாற்றக் கோட்பாட்டை ஏற்றது. வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் கூடும் என்ற விதி இதற்கும் அடியில் இருக்கிறது. யூத மரபு உயிர்காப்பை ஏறத்தாழ எல்லாக் கட்டளைகளுக்கும் மேலே வைப்பதால் அங்கும் இதே திசையில்தான் விடை போகிறது.

பொருள்மாற்றம் என்ற பேச்சு இந்த மாத்திரைக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதை அது தயாராகும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலானவை கரடியிலிருந்து வருவதில்லை. இறைச்சிக்கூடங்களில் சேரும் மாட்டுப்பித்தத்திலிருந்து வருகின்றன. அந்தப் பித்தத்தைக் காரத்தோடு கொதிக்கவைத்துக் கோலிக் அமிலத்தைப் பிரிக்கிறார்கள். அதன் 12-ஆம் கரியணுவில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கினால் கீனோடியாக்சிகோலிக் அமிலம் கிடைக்கும். இதற்கும் வேண்டிய மருந்துக்கும் இடையில் ஒரே ஒரு வேறுபாடுதான்: 7-ஆம் கரியணுவில் உள்ள ஹைட்ராக்சில் ஒரு பக்கம் நோக்கி நிற்பதற்குப் பதில் எதிர்ப்பக்கம் நோக்கி நிற்க வேண்டும். அந்த ஒரு திருப்பத்தில் பித்த உப்பின் கடுமை தணிந்து செல்களைக் காக்கும் தன்மை வருகிறது. பல படிகள் கடந்து கிடைக்கும் வெண்தூளில் மாடு என்று அடையாளம் காட்ட ஏதும் மிஞ்சுவதில்லை. கரடியிடமிருந்தும் மாட்டிடமிருந்தும் மனிதக் குடலிலிருந்தும் வரும் மூலக்கூறு ஒன்றேதான். ஆகவே தீட்டு என்பது பொருளில் இருப்பதாகக் கருதும் கேள்விக்கு வேதியியல் ஏறக்குறைய முழு விடை தந்துவிடுகிறது. பொருள் வந்த வழியில் வதை இருந்ததா என்ற கேள்விக்கு அது எந்த விடையும் தருவதில்லை.

வந்த வழியைப் பார்த்தால் கரடியும் மாடும் ஒன்றல்ல. மாடு இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கொல்லப்படுகிறது; பித்தம் அங்கே எஞ்சும் பொருள். நோயாளிகள் மாத்திரையை நிறுத்தினால் கொல்லப்படும் மாடுகளின் எண்ணிக்கை குறையும் என்று சொல்ல இடமில்லை. பண்ணைக்கரடி பித்தத்துக்காக மட்டுமே கூண்டில் இருக்கிறது. வாங்குவோர் போனால் கூண்டும் போகும். குறளின் வாதம் கரடிப்பித்தத்தின்மேல் முழு வலிமையோடு விழுகிறது. மாட்டுப்பித்தத்தின்மேல் அதன் ஒரு பங்கே விழுகிறது. ஆனால் பசுவைத் தெய்வமாக மதிப்பவருக்கும், எவ்வுயிரின் உடற்பகுதியையும் தொடாத சமணருக்கும் இந்தக் கணக்கு மட்டும் போதாது. காரணமாவது வேறு, பங்கேற்பது வேறு என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது; கொலையில் விளைந்ததை உடலுக்குள் ஏற்பதே தூய்மைக்கு இழுக்கு என்ற உணர்வை விளைவுக்கணக்கால் தள்ளிவிட முடியாது.

அப்படியிருந்தும் எல்லா மரபுகளும் கடைசியில் ஊன்றுவது தேவை என்ற ஒரே காலில்தான். இந்த இடத்தில் அறநூல் மட்டும் பேசிப் பயனில்லை. மருந்து உண்மையில் யாருக்கு வேலை செய்கிறது என்று மருத்துவம் சொல்ல வேண்டும். தேவை இருப்பதாகச் சொல்லப்பட்டு, பயன் இல்லாமல் போனால், விலக்கு அளித்த விதியே பொருளிழக்கிறது.

பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸில் தேவை மெய்யானது. பெரும்பாலும் நடுவயதுப் பெண்களைத் தாக்கும் இந்நோய்க்கு இது முதல்நிலை மருந்து. உடல் எடையில் கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் வீதம் வாழ்நாள் முழுதும் தரப்படுகிறது. பல நாட்டு நோயாளிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில், இதை உட்கொண்டவர்கள் உறுப்பு மாற்றமின்றி உயிர்வாழும் காலம் கூடியது. பித்தக்கல்லில் நிலைமை வேறு. கொலஸ்ட்ரால் கல்லாக, சிறியதாக, சுண்ணம் படியாததாக இருந்து, பித்தப்பையும் சுருங்கி விரிந்து இயங்கினால் மட்டுமே மருந்துக்கு வேலை உண்டு. கரைய மாதக்கணக்கில், சில வேளை இரண்டாண்டும் ஆகும். கரைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஐந்தாண்டுக்குள் கல் திரும்புகிறது. தென்னிந்தியாவில் நிறமிக் கற்கள் அதிகம் காணப்படுகின்றன; அவற்றை இந்த மருந்து கரைப்பதில்லை. வலி தரும் கல்லுக்குப் பித்தப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சையே உறுதியான வழி. கல் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் மாத்திரை எழுதுவது மருத்துவ நோக்கில் வீண். கொல்லாமையைக் கடைப்பிடிப்பவர் அவ்வளவு தயக்கத்தோடு ஏற்ற ஒன்றைக் காரணமில்லாமல் ஏற்கச் செய்ததும் ஆகும்.

பிரைமரி ஸ்க்ளெரோசிங் கோலாஞ்சைட்டிஸ் என்ற மற்றொரு நோயில் பாடம் இன்னும் கடுமை. 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் என்ற உயர் அளவு தரப்பட்டது. இரத்தச் சோதனையில் கல்லீரல் நொதிகளின் அளவு இறங்கியது. மருந்து வேலை செய்வதுபோலவே தெரிந்தது. ஆனால் இறப்பு, உறுப்பு மாற்றம் போன்ற கடும் விளைவுகளுக்கான இடர் வெற்று மாத்திரை உண்டவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்ததால் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. தாளில் எண் நன்றாக இருப்பதும் மனிதர் நலமாக இருப்பதும் வேறுவேறு என்பதை அந்த ஆய்வு காட்டியது. நிர்ப்பந்தம் என்ற விலக்கைச் சோதனைத்தாளின் எண்ணை வைத்து மட்டும் கோர முடியாது.

இனி மிஞ்சுவது மாற்று வழி. செடிகளிலிருந்து கிடைக்கும் ஸ்டெரால்களை மூலப்பொருளாக வைத்து இந்த அமிலத்தைத் தயாரிக்கும் முறைகளை ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். அவை பரவினால் மாட்டுப்பித்தத்துக்கான தேவை வாதமும் தளரும். மாற்று இருந்தும் விலங்கு மூலத்தையே வாங்குவதற்கு நியாயம் குறையும். அதுவரை நோயாளி தம் மரபுப்படி முடிவெடுக்க வேண்டுமானால் மருந்து எதிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் உணவுப் பொட்டலத்தின்மேல் பச்சைப் புள்ளியும் பழுப்புக் குறியும் இருக்கின்றன. மருந்து அட்டையில் அந்தக் கடமை இல்லை. மாத்திரையின் மூலப்பொருள் எந்த விலங்குடையது, அல்லது எந்தச் செடியுடையது என்று உற்பத்தியாளர் அட்டையிலேயே அச்சிடுவதும், மருத்துவர் அதை நோயாளியிடம் எடுத்துச் சொல்வதும் இம்மருந்தைப் பொறுத்தவரை உடனே செய்யத்தக்கவை.