மேகம் மறைத்த பிறை



ஷஃபான் பிறை 29 அன்று மாலை நம் ரந்தாவ் வாலிபர்கள் சிலர் போர்ட் டிக்சன் கடற்கரையில் கூடாரமடித்துத் தங்கப் புறப்பட்டார்கள். கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு நாமும் கூடப் போனோம். அங்கே தெலுக் கெமாங்கில் பைத்துல் ஹிலால் என்னும் பிறை பார்க்கும் நிலையம் இருப்பதை அறிவீர்கள். நாமும் பிறையைப் படம் பிடிக்க வேண்டும், இரவில் நட்சத்திரங்களையும் பிடிக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. ஆனால் மஃரிபுக்கு முன்பே மேற்கு வானம் முழுவதும் மேகம் மூடிவிட்டது.

அப்போது ஒரு பிள்ளை, "மாமா, போன வருஷத்துப் பிறைப் படம் கைபேசியில் இருக்கிறது. அதை இந்த மேகத்தில் ஒட்டி அனுப்பினால் யாருக்குத் தெரியும்?" என்றான். விளையாட்டாகச் சொன்னதுதான். எல்லோரோடும் நாமும் சிரித்தோம். பிறகு நெஞ்சில் ஏதோ தைத்தது.

மேகம் மறைத்தால் மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். காணாததைக் கண்டதாகச் சொல்ல எவருக்கும் இடமில்லை. இன்று மலேசியாவில் பிறை 3 பாகை உயரமும் சூரியனிலிருந்து 6.4 பாகை விலகலும் பெற்றிருக்கிறதா என்ற கணக்கையும் சேர்த்தே பார்க்கிறார்கள். முடிவு செய்வது உரியவர்கள் பொறுப்பு. கண்டதைக் கண்டபடி சொல்வதே நம் பொறுப்பு.

அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்ற வானநூல் அறிஞர் 964-ஆம் ஆண்டளவில் தம் நட்சத்திர நூலை எழுதினார். ஓரிடத்தில் மங்கலாகத் தெரிந்ததை, சிறு மேகம் போன்றது என்றே குறித்துவைத்தார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கோடானுகோடி நட்சத்திரங்கள் அடங்கிய வேறொரு மண்டலம் அது என்பது 1920-களில்தான் உறுதியாயிற்று. உள்ளபடி எழுதியதால் அவர் குறிப்பு இன்றும் மதிக்கப்படுகிறது.

வியாபாரிகளாகிய நமக்கு இதில் பெரிய படிப்பினை உண்டு. மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள், உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசம் செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள்.

சகோதரர்களே, சென்ற மாதம் நம் கடையில் அடி நனைந்த வெங்காய மூட்டை ஒன்று இருந்தது. காய்ந்ததை மேலே பரப்பி வைத்தோம். தோட்டத்து அம்மா ஒருவர் 2 கிலோ வாங்கிப் போனார். அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. படத்தில் பிறையை ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன பேதம்?

நள்ளிரவுக்குப் பின் சிறிது நேரம் மேகம் விலகியது. ஏழெட்டு நட்சத்திரங்கள் படத்தில் விழுந்தன, மற்றதெல்லாம் மேகம். அந்தப் பிள்ளை அதை அப்படியே வீட்டுக்கு அனுப்பினான். ஊர் திரும்பிய நாம் அந்த அம்மாவைத் தேடிப் போய் விஷயத்தைச் சொல்லி, நல்ல வெங்காயம் நிறுத்துக் கொடுத்தோம்.

மேகத்துக்கு அப்பால் உள்ளதையும் மூட்டைக்கு அடியில் உள்ளதையும் அல்லாஹுத் தஆலா அறிவான். நம் நாவையும் தராசையும் நேராக்கி வைப்பானாக! ஆமீன்.