முழுச் சுறா கரைக்கு வந்தால் போதுமா?

உயிரோடு பிடித்த சுறாவின் துடுப்புகளை அறுத்து வைத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே தள்ளிவிடும் செயலுக்கு இன்று வெளிப்படையாக வக்காலத்து வாங்க ஆளில்லை. துடுப்பை இழந்த சுறாவால் நீந்த முடியாது. பல சுறா இனங்களுக்கு நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் நீர் ஓடி மூச்சு கிடைக்கும். அறுபட்ட சுறா மெல்ல அடித்தரைக்குப் போய், மூச்சு முட்டியோ மற்ற மீன்களுக்கு இரையாகியோ சாகிறது. எல்லாம் ஒரு கிண்ணம் சூப்புக்காக. அந்தச் சூப்பிலும் துடுப்புக்கென்று தனிச் சுவை இல்லை. வாயில் வழுக்கும் நார்களைத் தவிர அது எதையும் தருவதில்லை. ருசியைக் கோழிச் சாறும் மற்றவையும்தான் தருகின்றன.

உடலை ஏன் எறிந்தார்கள் என்பதில் மர்மம் ஏதுமில்லை. படகில் ஐஸும் இடமும் குறைவு. சுறாவின் சதையில் யூரியா இருப்பதால், சரியாகப் பதப்படுத்தாவிட்டால் சீக்கிரமே அம்மோனியா வாடை அடிக்கும், விலையும் சொற்பம். காயவைத்த துடுப்போ கொஞ்ச இடத்தில் அடங்கும், ஹாங்காங் சந்தையில் பெரும் பணமாகும். சட்டம் போட்டவர்களும் இந்தக் கணக்கைத்தான் குறிவைத்தார்கள். அமெரிக்கா 2000-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2003-இலும் கடலில் துடுப்பறுப்பதைத் தடைசெய்தன. இந்தியா 2013-இல், துடுப்பு உடலோடு ஒட்டியபடியே சுறா கரைக்கு வர வேண்டும் என்றது. 2015-இல் துடுப்பு ஏற்றுமதியே நின்றது. முழு மீனையும் ஏற்றினால் படகு சீக்கிரம் நிறைந்துவிடும், பிடிப்பு தானாகக் குறையும் என்பது எதிர்பார்ப்பு.

குறையவில்லை. 2024 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வின்படி, மீன்பிடிப்பில் இறந்த சுறாக்கள் 2012-இல் குறைந்தது 7.6 கோடி; 2019-இல் 8 கோடி. துடுப்பறுப்புத் தடைகள் உலகெங்கும் பெருகிய காலம் அது. அந்தத் தடைகள் சாவைக் குறைக்கவில்லை என்றும், பிடிப்பதையோ படகில் வைத்திருப்பதையோ நேரடியாகத் தடுத்த பகுதிகளில் ஓரளவு பலன் கிடைத்தது என்றும் ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். முழுச் சுறாவைக் கரைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றானபோது, எறியப்பட்ட சதைக்கும் ஒரு சந்தை பிறந்துவிட்டது.

அறக் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. துடுப்பறுப்பில் நம்மை உறுத்தியது எது? வலியா, வீணடிப்பா, எண்ணிக்கையா? முதலிரண்டும் கண்ணில் படுபவை. காணொளியில் பார்த்தால் வயிறு கலங்கும். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது. சட்டம் கண்ணுக்குத் தெரிந்ததைச் சரிசெய்துவிட்டு ஓய்ந்தது. தூண்டிலில் செத்து, முழு உடலோடு ஏலக்கூடத்துக்கு வரும் சுறாவைப் பார்த்து யாருக்கும் உறுத்துவதில்லை. சுறா இனத்துக்கோ இரண்டும் ஒன்றுதான்.

வீணாக்காமல் பயன்படுத்துவது ஒரு நல்ல குணம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். கொச்சியிலிருந்து புறப்பட்டு இலட்சத்தீவையும் குஜராத் கடலையும் தொட்டுத் திரும்புபவர்கள். துடுப்பறுத்து உடலை எறியும் பழக்கம் அவர்களுடையதன்று. சதை, கருவாடு, ஈரல் எண்ணெய் என்று எல்லாமே காசாகும். "நாங்கள் எதையும் வீணாக்கவில்லையே" என்று அவர்கள் கேட்டால் அந்தக் கேள்வி நேர்மையானது. ஆனால் ஓர் உயிரை முழுதாகப் பயன்படுத்துவது, அதை எத்தனை எடுக்கலாம் என்ற கேள்விக்கு விடையாகாது.

சுறா மத்தியைப் போலவோ நெத்திலியைப் போலவோ பெருகுவதில்லை. பெரிய இனங்கள் பலவும் பத்து வயதைத் தாண்டிய பிறகே சினைப்படும். நீளவால் சுறாக்களில் ஓர் இனம் ஓர் ஈற்றில் இரண்டே குட்டிகள் ஈனும். தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. பால்சுறா ஏறக்குறைய ஓராண்டு குட்டியைச் சுமக்கிறது என்பதோடு இதை வைத்துப் பார்த்தால் போதும். 1970-க்குப் பின் அரை நூற்றாண்டில் பெருங்கடல்களில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 71 விழுக்காடு சரிந்ததாக 2021-இல் 'நேச்சர்' இதழ் ஆய்வு சொன்னது. வட்டியை விட்டுவிட்டு முதலையே எடுத்துச் செலவழிக்கும் குடும்பத்தின் கணக்கு இது.

மரபு என்ற வாதமும் எழும். பட்டினப்பாலையின் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபடுகிறார்கள். அந்தக் கொம்பு, ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீனுடையது என்று கொள்ளலாம். (உயிரியல்படி வேளா திருக்கைக்கு உறவு.) பிடித்ததும் கும்பிட்டதும் ஒரே கைதான், ஆனால் அந்தக் கையில் இருந்தது நூல்வலை. இழுவைமடியும் நைலானும் டீசல் எஞ்சினும் வந்த பிறகு வேளா நம் கடலில் காண்பதற்கே அரிதாகிவிட்டது. மரபைச் சொல்லி உரிமை கேட்பவர் மரபின் கருவியையும் ஏற்கத் தயாரா என்று கேட்கலாம். எவரும் தயாரில்லை, தயாராக இருக்கவும் முடியாது.

அதற்காகச் சுமையை மீனவர் தலையில் மட்டும் இறக்குவது நீதியாகாது. 2001 ஜூலையில் மத்திய அரசு சுறா, திருக்கை அனைத்தையும் ஒரே ஆணையில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. கடற்கரை கொந்தளித்தது, அந்த டிசம்பரிலேயே பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. கேட்காமல் போட்ட சட்டம் நிற்கவில்லை. 2015-இல் துடுப்புக்கான விலை போனபோதும் மாற்றாக எதுவும் கிடைக்கவில்லை. 2017-இல் ஒக்கி புயலில் ஆட்களை இழந்த இதே ஊர்களுக்கு, நகரத்தில் உட்கார்ந்து கடலறம் போதிப்பது கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய காரியம்.

குஜராத்தில் வேறு வழி பார்த்தார்கள். வேராவல் பக்கம் ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் திமிங்கலச் சுறாவைக் கொன்றுவந்த கடற்கரை அது. 2004-இல் ராமகதை சொல்லும் மொராரி பாபு, அது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று பேசினார். வலையில் சிக்கியதை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை நிவாரணம் தந்தது. சொல் மனதைத் தொட்டது, பணம் வலையை மீட்டது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நடந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் இதை அப்படியே எல்லாச் சுறாவுக்கும் பெயர்த்து நட முடியாது. திமிங்கலச் சுறா வலையில் கிடந்து பிழைக்கும். சுத்தியல் தலைகொண்ட கொம்பன் சுறா தூண்டிலில் சிக்கிக் கொஞ்ச நேரத்திலேயே செத்துவிடும். செத்ததை விடுவித்துப் பயனில்லை. அதற்கு வேண்டியது, குட்டிகள் வளரும் கரையோரங்களில் குறிப்பிட்ட மாதங்கள் மடி போடாமலிருப்பது, அந்த மாதங்களுக்கு அரசு கூலி கொடுப்பது. பிடிக்காமலிருக்கச் சொல்பவர்தான் அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும்.

மிச்சமிருப்பது தின்பவர் பங்கு. வாங்குபவன் இருப்பதால்தான் விற்பவன் இருக்கிறான் என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் வாதிடுகிறார். சீனரின் சூப்பைப் பழிப்பது நமக்கு எளிது, அது நம் தட்டில் இல்லை. சீன அரசு 2012-இலேயே அரசு விருந்துகளிலிருந்து அதை நீக்க முடிவெடுத்தது. நம் சுறாப்புட்டைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் 2022-இல் பால்சுறாவின் குடும்பம் முழுவதையும் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அது ஏற்றுமதியைத்தான் கட்டுப்படுத்தும், தெருமுனை மீன்கடையை அல்ல. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறா சமைத்துக் கொடுக்கிறோம். பெரிய சுறாக்களின் சதையில் பாதரசம் சேர்வதால் பாலூட்டும் தாய்மார் சுறாவைத் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது.

சுறாவே கூடாது என்று கடற்கரைக்காரரிடம் சொல்ல எவருக்கும் தகுதியில்லை. மீன்கடையில் தேர்ந்து வாங்கும் வசதி உள்ளவர்கள் கொம்பன் சுறாவையும் முழங்கை நீளம்கூட இல்லாத குட்டிகளையும் வாங்க மறுக்கலாம். கடைக்காரரிடம் காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்.